கோவையில் குழந்தைகளோடு பூங்காவும் குளக்கரையும்: கிளம்புவது முதல் வீடு திரும்புவது வரை

கோவையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக இடமே இல்லை என்று சொல்பவர்கள் நிறைய. இடம் இருக்கிறது, போகிற நேரம்தான் பெரும்பாலும் தவறிப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை நிதானமாக எழுந்து, இட்லி சாப்பிட்டு, வண்டியைக் கிளப்பும்போது மணி பத்தரை. பூங்காவில் கால் வைக்கும்போது சறுக்குமரம் சுடுகிறது, ஊஞ்சலுக்கு வரிசை நிற்கிறது, சின்னவனுக்குத் தூக்க நேரம் நெருங்குகிறது. ஒரு மணி நேரத்தில் எல்லோரும் எரிச்சலோடு திரும்பி, "இனிமே மாலுக்கே போயிறலாம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே பூங்காவில் காலை 7 மணிக்கு நிழலும் இருக்கும், ஊஞ்சலும் காலியாக இருக்கும்.

நாங்கள் சொல்லும் கணக்கு ஒன்றுதான்: பக்கத்தில், சீக்கிரமாக, கொஞ்ச நேரம், அடிக்கடி. வருஷத்துக்கு ஒரு பெரிய டூரைவிட, மாதத்துக்கு மூன்று நான்கு முறை ஒன்றரை மணி நேரம் மண்ணிலும் புல்லிலும் விடுவது குழந்தைக்கு அதிகம் தரும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும்போதுதான் போன வாரம் மொட்டாக இருந்தது இந்த வாரம் பூத்திருப்பதைப் பிள்ளை கவனிக்கும். போன மாதம் தொடவே பயந்த கம்பியில் இந்த மாதம் தானாக ஏறும்.

படி 1: மாதத்தைப் பார்த்து நேரம் குறியுங்கள்

மார்ச் முதல் மே வரை காலை 6.30 முதல் 8.30 வரைதான் நல்ல நேரம். மாலை என்றால் 5 மணிக்கு முன்னால் வேண்டாம். கான்கிரீட் தரையும் ரப்பர் பாயும் பகலெல்லாம் வாங்கிய வெயிலை, காற்று ஆறிய பிறகும் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நம் முகத்துக்கு இதமாக இருக்கும்போதும், தரைக்குப் பக்கத்தில் நடக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கு அனல் அடிக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். வெயில் அடங்கியிருப்பதால் காலை பத்தரை வரைகூடத் தாங்கும். பட்டம் விட இதைவிட நல்ல காலம் கிடையாது. வ.உ.சி. மைதானம் போல மின்கம்பி குறுக்கே போகாத திடலாகப் பாருங்கள். சாதாரணப் பருத்தி நூல் போதும். மாஞ்சா நூல் வேண்டவே வேண்டாம், கழுத்தை அறுக்கும். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பார்கள். தூங்குமூஞ்சி, குல்மோகர் போன்ற மரங்களின் கிளைகள் எளிதில் முறியும். காற்று பலமாக இருக்கும் நாளில் அவற்றின் அடியில் பாய் விரிக்காதீர்கள். பட்டுப்போன கிளை தொங்குகிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு உட்காருவது எந்த மாதத்திலும் நல்லது.

அக்டோபர், நவம்பரில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டும், அதனால் காலைச் சுற்று போதும். இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள்; மரத்தடி ஆபத்தான இடம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பொற்காலம். குளங்களில் வலசை வந்த பறவைகள் இருக்கும், வெயில் இதமாக இருக்கும். பனிக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டு ஏழரைக்குக் கிளம்பினால் பத்து மணி வரை நிம்மதியாக இருக்கலாம்.

படி 2: வயதைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

1 முதல் 3 வயது வரையான பிள்ளைக்கு ஊரின் பெரிய பூங்கா தேவையே இல்லை. வீட்டிலிருந்து நடந்தோ பத்து நிமிடத்தில் வண்டியிலோ போகக்கூடிய மாநகராட்சிப் பூங்கா போதும். நான்கு விஷயங்களைப் பாருங்கள்: சாத்தக்கூடிய கேட், மண் தரை, காலை எட்டு மணிக்கும் நிழல், தண்ணீர் வரும் குழாய். உங்கள் பகுதியில் மூன்று பூங்காக்களைச் சுற்றிப் பார்த்து, இந்த நான்கும் உள்ள ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடம் போதும். அதற்கு மேல் அந்த வயதுக்குத் தாங்காது.

4 முதல் 7 வயதுக்கு ஓடுவதற்குத் தூரம் வேண்டும். ரேஸ்கோர்ஸ் நடைபாதை சுற்றளவு சுமார் இரண்டரை கிலோமீட்டர். முழுச்சுற்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதிகம், பாதியில் திரும்பிவிடுங்கள். விடிகாலையில் வேகநடைக்காரர்கள் கூட்டம் இருக்கும். குழந்தையின் சைக்கிளை அப்போது இறக்கினால் இடிபடும். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம் ஆகியவற்றின் கரைகள் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதையாகிவிட்டன. குறிச்சிக்குளத்தில் தமிழ் எழுத்துகளாலேயே ஆன திருவள்ளுவர் சிலை இருக்கிறது. எழுத்துக் கூட்டப் பழகும் பிள்ளையிடம் "உன் பேரோட முதலெழுத்து எங்க இருக்குதுன்னு கண்டுபிடி கண்ணு" என்று சொன்னால் போதும், அரை மணி நேரம் அங்கேயே நிற்கும். காந்திபுரத்தில் மத்திய சிறை நிலத்தில் 45 ஏக்கரில் அமைந்த செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. பெரிய இடம் என்பதால் ஒரே நாளில் முழுவதும் பார்க்க நினைக்காமல் இரண்டு மூன்று தோட்டங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

8 வயதுக்கு மேல் ஊஞ்சல் மட்டும் போதாது. தெரிந்துகொள்ள ஏதாவது வேண்டும். மருதமலை சாலையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவையும் அங்கேயே உள்ள பூச்சி அருங்காட்சியகத்தையும் ஒரே காலையில் பார்க்கலாம். முதலில் தோட்டம், வெயில் ஏறியதும் பூச்சிகள் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். கௌலி பிரவுன் சாலையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள மரத்துண்டுகளை நிதானமாகப் பார்க்க விடுங்கள். கொடிசியா பக்கம் மண்டல அறிவியல் மையம். அரசு நிறுவனங்கள் என்பதால் எந்தெந்தக் கிழமை விடுமுறை என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டிய கேட்டின் முன் நிற்கும் குழந்தையைச் சமாதானப்படுத்துவது கடினம்.

வ.உ.சி. பூங்காவைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா அப்பா சின்ன வயசில் அங்கே முதலை, பறவை எல்லாம் பார்த்திருப்பார்கள். அந்த ஞாபகத்தில் "ஜூவுக்குப் போலாம்" என்று பிள்ளையைக் கூட்டிப்போகிறார்கள். மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022இல் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தபின் விலங்குகள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டன. பூங்காவாக நினைத்துப் போங்கள், விலங்கு காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு சர்க்கார் பெரியபாளையம் அருகே நஞ்சராயன் குளமும், ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயமும் பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டும் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், உள்ளவை.

படி 3: பையை முதல் நாள் இரவே கட்டுங்கள்

காலையில் பை கட்ட ஆரம்பித்தால் அந்த அவசரத்திலேயே முக்கால் மணி நேரம் போய்விடும். இரவே கட்டி வாசலில் வைத்துவிட்டால், காலையில் தண்ணீரும் சாப்பாடும் மட்டும்தான் வேலை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பிள்ளைக்கு அரை லிட்டர் தண்ணீர், வெய்யக்காலம் என்றால் முக்கால் லிட்டர். கை கால் கழுவவும் காயம் கழுவவும் தனியாக ஒரு லிட்டர். விளையாட்டில் இறங்கிய குழந்தை தாகம் என்று தானாகச் சொல்லாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு நாலு மடக்கு குடிக்கக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். அரை லிட்டரில் கலந்தால் உப்பு கூடிக் குழந்தைக்குக் கெடுதலாகும்.

மாற்றுத்துணி ஒரு செட், ஜட்டி இரண்டு. ஈரத்துணி போட ஒரு கவர். துண்டு, தொப்பி, சோப்பு. காயத்துக்குப் பஞ்சு, ஒட்டுப்பட்டை, சுத்தமான காட்டன் துணி. குப்பைக்கு ஒரு பை. விரிக்க ஒரு பழைய போர்வை.

உடையில் கவனிக்க வேண்டியவை நிறைய. சறுக்குமரம் உள்ள இடத்துக்குத் துப்பட்டா, கழுத்தில் கயிறு போட்ட ஐ.டி. கார்டு, நாடா தொங்கும் சட்டை எதுவும் கூடாது. கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். சைக்கிள் ஹெல்மெட்டையும் ஏணியில் ஏறும் முன் கழற்றிவிட வேண்டும், அதன் பட்டையும் அப்படியே மாட்டும். பாவாடை ஊஞ்சலில் சிக்கும். அடியில் லெக்கிங்ஸ் போட்டுவிடுங்கள். செருப்பைவிட, பின்பக்கம் பட்டை வைத்த செருப்போ ஷூவோ நல்லது.

சாப்பாடு இரண்டு மணி நேரத்துக்குப் பெரிதாக வேண்டாம்: வாழைப்பழம், கொய்யா, வேகவைத்த நிலக்கடலை, கச்சாயம் இரண்டு. நிலக்கடலையை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். திராட்சையை அந்த வயதுக்கு நீளவாக்கில் வெட்டித்தான் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டே தின்பதும் ஊஞ்சலில் தின்பதும் எந்த வயதிலும் வேண்டாம்.

மதியம் வரை இருப்பதென்றால் தயிர்சாதமும் அரிசிம்பருப்பு சாதமும் நம் வீடுகளில் வழக்கம். இரண்டும் எளிதாகக் கெடுவதற்குக் காரணம் உண்டு. தயிரைக் காலையிலேயே நிறைய ஊற்றிப் பிசைந்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வேகவைத்து மசித்து, ஒன்றரை டம்ளர் காய்ச்சிய பால் விட்டு, வெதுவெதுப்பாக ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி தயிர் மட்டும் சேருங்கள். போகிற வழியிலேயே அது உறைந்து, சாப்பிடும்போது இளந்தயிர் பதத்தில் இருக்கும். சூட்டோடு தயிர் கலந்தால் திரியும். அரிசிம்பருப்பை அகலமான தட்டில் பரப்பி ஆவி அடங்க விட்டு, பிறகு டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் தண்ணீர் கோத்து, அதிலிருந்துதான் கெட ஆரம்பிக்கும். தேங்காய்ச் சட்னியை வெய்யக்காலத்தில் எடுத்துப்போகாமல் இருப்பது நல்லது.

படி 4: போகும் வழி

ஐந்து வயது வரை அரசுப் பேருந்தில் டிக்கெட் கிடையாது. 12 வயது வரை அரை டிக்கெட். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் இலவசம். பார்க்கிங் தொல்லையும் இல்லாததால், உக்கடம், காந்திபுரம், சிங்காநல்லூர் பக்கம் போக டவுன் பஸ்ஸே நிம்மதி. ஞாயிறு காலை ஏழு மணிக்கு உட்கார இடமும் கிடைக்கும். பஸ் பயணமே சின்னப் பிள்ளைகளுக்குப் பாதித் திருவிழா.

கிளம்பும் முன் வீட்டிலேயே ஒருமுறை கழிப்பறைக்கு அனுப்புங்கள். பூங்காக் கழிப்பறை பூட்டியிருக்கும், அல்லது தண்ணீர் இருக்காது என்று எண்ணியே திட்டமிட வேண்டும். இது நம் ஊர்ப் பூங்காக்களின் பெரிய குறை; பெண் குழந்தைகளைத்தான் அதிகம் பாதிக்கிறது. வழியில் சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: விளையாட விடும் முன் ஐந்து நிமிடம்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். அடிபடுவதும் இதனால்தான்.

முதலில் தரை. ஏறி விளையாடும் கருவியின் கீழே மணலோ ரப்பர் பாயோ இருக்க வேண்டும். சிமெண்ட் தரையோ இண்டர்லாக் கல்லோ என்றால், உங்கள் பிள்ளையின் தோள் உயரத்துக்கு மேல் ஏற விடாதீர்கள். மணலைக் காலால் கிளறிப் பாருங்கள்: கண்ணாடி, ஆணி, நாய்க்கழிவு, பாட்டில் மூடி எல்லாம் கிடக்கும்.

அடுத்து சறுக்குமரம். புறங்கையை அதன் மேல் ஐந்து விநாடி வையுங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் குழந்தையின் தொடைக்கு அது கொப்புளம். பிளாஸ்டிக் சறுக்கும் சுடும். விளிம்பில் விரல் ஓட்டி வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், வெடித்த பிளாஸ்டிக் கத்தி போல் கிழிக்கும். ஒருவர் இறங்கி எழுந்து நகர்ந்த பிறகுதான் அடுத்தவர். உட்கார்ந்து, கால் முன்னால் நீட்டித்தான் சறுக்க வேண்டும்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் சறுக்காதீர்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் ஒன்றரை இரண்டு வயதுப் பிள்ளைகளின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறிவது பல நேரம் இப்படித்தான். குழந்தையின் ஷூ பக்கச்சுவரில் ஒட்டி நின்றுவிடும். பின்னாலிருக்கும் பெரியவரின் எடை கீழே இழுத்துக்கொண்டு போகும். நடுவில் அந்தச் சின்னக் கால் முறுக்கிக்கொள்ளும். தனியாகச் சறுக்கும் குழந்தைக்குக் கால் மாட்டினால் அதுவே நின்றுவிடும், எடை குறைவு. ஆகவே நீங்கள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஊஞ்சலில் சங்கிலி மாட்டியிருக்கும் கொக்கியைப் பாருங்கள். வாய் திறந்திருந்தாலோ தேய்ந்து மெலிந்திருந்தாலோ அந்த ஊஞ்சல் வேண்டாம். முன்னும் பின்னும் இரண்டு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். அடுத்த பிள்ளை குறுக்கே ஓடிவந்து நெற்றியில் வாங்குவதுதான் ஊஞ்சல் பக்கம் வழக்கமாக நடக்கும் விபத்து. ஏற்றப்பலகையில் (சீசா) காலைப் பலகைக்கு அடியில் வைக்காமல் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

பூங்காக்களில் பெரியவர்களுக்காக வைத்திருக்கும் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானாகத் தெரியும். அவை அவர்கள் உயரத்துக்கோ எடைக்கோ செய்யப்பட்டவை அல்ல. கம்பிகள் சேரும் மூட்டில் விரல் நசுங்கும். ஆடும் மிதி திரும்பி வந்து வாயில் அடிக்கும். "இது அப்புச்சி, அம்மிச்சி பண்றது, நம்மளுது அங்க இருக்குது" என்று முதல் நாளே சொல்லிப் பழக்கிவிட்டால் பிறகு தொல்லை இருக்காது.

படி 6: காணாமல் போனால் என்ன செய்வது என்று முன்பே பேசுங்கள்

கேட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளையை அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுங்கள். பதற்றத்தில் என்ன கலர் சட்டை என்று ஞாபகம் வராது. போட்டோவைக் காவலாளியிடம் காட்டினால் போதும். உங்கள் செல்போன் எண்ணைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். முன்பின் தெரியாத ஆள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிப் போய்விடும்.

ஒரு சந்திப்பு இடம் காட்டிவையுங்கள். டிக்கெட் கவுண்டர், சிலை என்று அசையாத ஒன்றாக இருக்கட்டும். ஐஸ்கிரீம் வண்டி கூடாது, அது நகர்ந்துவிடும். "என்னைக் காணோம்னா நின்ன எடத்துலயே நில்லு, சத்தமா கூப்பிடு. யாரும் வரலைன்னா, குழந்தையோட இருக்கற ஒரு அக்காகிட்ட இந்தக் கையைக் காட்டு." இவ்வளவு சொன்னால் போதும். ஐந்து நிமிடம் தேடியும் கிடைக்கவில்லை என்றால் ஒருவர் கேட்டில் நிற்க, மற்றவர் தண்ணீர் இருக்கும் பக்கம் முதலில் தேட வேண்டும். கூடவே 112க்குப் போன் பண்ணுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து போகும் நாளில்தான் அதிகக் கவனம் வேண்டும். எல்லோரும் இருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. கால் மணிக்கு ஒருவர் என்று முறை வைத்து, அந்த நேரத்தில் அவர் போனை எடுக்கக்கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள்.

படி 7: குளக்கரையில் என்ன பார்ப்பது

கோவையின் குளங்கள் நொய்யலின் தண்ணீரை வாங்கி வைக்க வெட்டியவை. ஊருக்கு நடுவே இத்தனை நீர்ப்பறவைகளைக் காலாற நடந்தே பார்க்கக் கிடைப்பது பெரிய வரம், அதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடக்கூடாது. உக்கடம், சிங்காநல்லூர், கிருஷ்ணாம்பதி, எதுவானாலும் சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். வெளிச்சம் முதுகுப் பக்கம் விழும் கரையில் நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும், பிள்ளை சலித்துவிடும். பைனாகுலர் இருந்தால் 8 மடங்கு பெரிதாக்குவது போதும். 10, 12 மடங்கு என்றால் சின்னக் கையில் படம் ஆடும். இல்லாவிட்டாலும் குறையில்லை.

பெயர்ப் பட்டியலை ஒப்பிக்க வைக்காதீர்கள், ஒரு பறவையை எடுத்துக்கொண்டு அது என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முக்குளிப்பான் இதற்கு அருமையான பறவை. கைப்பிடி அளவு, உருண்டையாக, தண்ணீர் மேல் மிதக்கும், திடீரென்று முங்கிவிடும். எங்கே எழும் என்று ஆளுக்கொரு இடம் கைகாட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ண வையுங்கள். நினைத்த இடத்தில் எழவே எழாது. நான்கு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே மாதிரி கத்திச் சிரிக்கும் விளையாட்டு இது. நீர்க்காகம் கல்மேல் உட்கார்ந்து இறக்கையை விரித்து வைத்திருக்கும்: அதன் இறகு தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் ஆழத்தில் முங்க வசதி, வெளியே வந்ததும் காயவைத்தே ஆக வேண்டும். நாமக்கோழிக்கு நெற்றியில் வெள்ளை நாமம். நீலத் தாழைக்கோழி நீண்ட விரல்களால் ஆகாயத்தாமரை மேல் மூழ்காமல் நடக்கும். கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே தொங்கும் பையைப் பார்த்துவிட்டால் அன்று முழுவதும் வீட்டில் அதே பேச்சு.

கரையில் நடக்கும்போது பிள்ளை நிலத்துப் பக்கம், நீங்கள் தண்ணீர்ப் பக்கம். தடுப்புக்கம்பி இருந்தாலும் ஏழு வயதுக்குக் கீழ் கையைப் பிடித்தே நடக்க வேண்டும். ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர் பிள்ளையின் கண்ணுக்குப் புல்தரையாகத் தெரியும். குளத்துத் தண்ணீரில் சாக்கடையும் கலப்பதால் கை நனைக்க விடாதீர்கள். பறவைக்குப் பொரி, ரொட்டி போடுவதும் வேண்டாம். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கொசு மொய்க்கும். முழுக்கைச் சட்டை, முழு பேண்ட் போட்டுவிடுங்கள். டெங்குக் கொசு பகலில், அதுவும் காலையிலும் மாலையிலும் அதிகம் கடிக்கும்.

செடி, நாய், குரங்கு, தேனீ

பூங்கா வேலியோரம் அழகுக்கு நடும் அரளி, மஞ்சள் அரளி இரண்டும் இலை முதல் காய் வரை விஷம். பிள்ளைகள் கூட்டாஞ்சோறு விளையாட்டில் இலையையும் காயையும் வாயில் வைப்பார்கள். தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அந்தச் செடியின் ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊமத்தையும் குன்றிமணியும் இதே வகை. காலி மனைகளிலும் குளக்கரைகளிலும் வெள்ளைப்பூவோடு அடர்ந்திருக்கும் பார்த்தீனியம் தோலில் அரிப்பையும் இளைப்பையும் கிளப்பும். வீசிங் உள்ள பிள்ளையை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

நாய் துரத்தினால் ஓடக்கூடாது. கையைக் கட்டிக்கொண்டு, நாயின் கண்ணைப் பார்க்காமல், மரம் மாதிரி நிற்க வேண்டும். இதை வீட்டில் விளையாட்டாகவே பழக்கலாம். கடித்தாலும் கீறினாலும், குரங்கானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே எடுத்துவிடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் 108.

விழுந்து அடிபட்டால்

ரத்தம் வந்தால் சுத்தத் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. நிலையான பல் விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் எடுத்து ஒரு கப் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போங்கள். பால்பல் என்றால் திரும்ப வைக்கக்கூடாது. தலையில் அடிபட்டால் அடுத்த 24 மணி நேரம் கவனியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், நினைவு தப்புதல், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் வடிதல், இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். கையோ காலோ அசைக்க மறுத்தால் எண்ணெய் போட்டு நீவ விடாமல் எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போங்கள்.

படி 8: அழாமல் கிளப்புவது

பத்து நிமிடம் முன்பே சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்கு நிமிடக்கணக்கு புரியாது என்பதால் எண்ணிக்கையில் சொல்வது நல்லது: "இன்னும் மூணு தடவ சறுக்கிட்டு வா சாமி, போலாம்." மூன்று என்றால் மூன்றேதான். ஒருமுறை நான்காவது விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரம் ஏழு கேட்கும். கையில் ஒரு வேலை கொடுங்கள்: தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வருவது, போர்வையை மடிக்க ஒரு முனை பிடிப்பது. ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று கிளப்புவது அந்த நேரத்துக்கு வேலை செய்யும். அதற்குப்பின் ஐஸ்கிரீம் இல்லாமல் எந்தப் பூங்காவிலிருந்தும் கிளம்ப முடியாது.

நாள் முழுக்கப் போகும் இடங்கள்

மாதத்துக்கு ஒருமுறை தூரம் போகலாம். கோவைக் குற்றாலம், ஆழியார், கொடிவேரி, பவானிசாகர், வெள்ளோடு என்று ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் போகும் இடங்களாகப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஓரிடம் மட்டும்.

கோவைக் குற்றாலத்தில் நீர்வரத்து கூடினால் வனத்துறை மூடிவிடும். மழை பெய்த மறுநாள் கேட்காமல் கிளம்பாதீர்கள். சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பார்ப்பார்கள், சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோங்கள். ஆழியாரில் குரங்குகளுக்குக் கவர் சத்தம் கேட்டாலே போதும், ஓடிவந்துவிடும். ஜிப் வைத்த துணிப்பையில் சாப்பாட்டை வையுங்கள், பிள்ளை கையில் தின்பண்டம் கொடுத்து நடக்க விடாதீர்கள். பிடுங்க வந்தால் விட்டுவிடச் சொல்லிக் கொடுங்கள்.

கொடிவேரியில் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் பாறை வழுக்கும், இழுப்பு இருக்கும், மேலே திறந்துவிட்டால் மட்டம் சட்டென்று ஏறும். ஐந்து வயதுக்குக் கீழ் கரையில் உட்காரவைத்து மக்கில் மொண்டு ஊற்றினால் போதும். பெரிய பிள்ளைகளும் தடுப்புக்கு உட்பட்ட இடத்தில், கைநீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தால்தான் இறங்க வேண்டும். காற்றடைத்த ட்யூப் பாதுகாப்பு அல்ல. பரிசல், படகு எதுவானாலும் குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் ஏறாதீர்கள். பெரியவர்களுடையதை மாட்டிவிட்டால் தண்ணீரில் அது மட்டும் மேலே வரும், பிள்ளை நழுவிக் கீழே போய்விடும்.

வெள்ளோட்டுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல காலம். மலைரயிலில் கூட்டிப்போக ஆசையென்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஏறும் ஐந்து மணி நேரப் பயணம் ஐந்து வயதுக்குக் கீழ் பெரிய சோதனை. குன்னூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஊட்டி வரை மட்டும் ரயில் ஏறினால் பிள்ளை தூங்காமல் முழுதும் பார்க்கும்.

மலையடிவாரம் எதுவானாலும் நாலு மணிக்கு இறங்க ஆரம்பித்து, பொழுது சாயறதுக்குள்ள ஊர்ச்சாலைக்கு வந்துவிடுங்கள். சிறுவாணி, மருதமலை, மேட்டுப்பாளையம் அடிவாரமெல்லாம் யானை நடமாடும் வழி. யானை தெரிந்தால் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், இறங்காமல், தூரத்திலேயே பின்வாங்குங்கள்.

வீடு வந்ததும் முதலில் சோப்புப் போட்டுக் குளியல், துணி நேராக வாளிக்குள். குளிப்பாட்டும்போதே காதுக்குப் பின்னால், கழுத்து, கணுக்கால் என்று கடி, முள், சிராய்ப்பு இருக்கிறதா பாருங்கள். பிள்ளை தூங்கிய பிறகு பையில் தீர்ந்துபோன ஒட்டுப்பட்டை, ஓ.ஆர்.எஸ்., மாற்றுத்துணி மூன்றையும் திரும்ப வைத்து, பையை வாசல் பக்கம் வைத்துவிட்டால் அடுத்த ஞாயிறு ஆறரைக்குக் கிளம்பலாம்.